மைனரின் முன் கதவு பின் கதவில் இடிக்கிறது: விளிம்பை வெட்டலாமா?

கோண்டாவில் மைனர், 03.02.2024

என்னிடம் இருப்பது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. நான்கு கதவு, 948 சீசீ. அப்பாவின் கார். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிப்பெட்டி இரண்டு பக்கமும் கறள் தின்று போனதால் புதுத் தகடு வளைத்து வெல்டிங் செய்து ஒட்டினோம். வேலை முடிந்து கதவுகளைப் பூட்டிப் பார்த்தால், வலது முன் கதவின் மேல் பகுதி பின் கதவின் விளிம்பில் இடிக்கிறது. கீழே விரல் நுழையும் அளவுக்கு நீக்கல். கழற்றும்போது கதவு ஒழுங்காகத்தான் பூட்டுப்பட்டது. விளிம்பைக் கிறைண்டரால் நாலு மில்லிமீற்றர் சீவினால் சரியாகிவிடும் என்கிறார் ரிங்கர் வேலை, அதாவது தகட்டு வேலை, செய்பவர். வெட்டச் சொல்லலாமா? அடுத்த கிழமை பெயின்ற் அடிக்க நாள் வைத்தாயிற்று.

பழைய இரும்பு, 03.02.2024

வெட்ட வேண்டாம். பெயின்ற் அடிக்கிறவரிடம் இன்றைக்கே நாளைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

பழைய இரும்பு, 03.02.2024, இரவு

சாப்பிட்டுவிட்டு வந்து காரணத்தையும் எழுதுகிறேன். கதவின் வெளித்தகடு உள் சட்டத்தின் மேல் மடிந்து பிடித்திருக்கும் இடம்தான் அந்த விளிம்பு. அந்த மடிப்பின் அகலமே சுமார் ஒரு சென்றிமீற்றர். அதில் நாலு மில்லிமீற்றரை எடுத்தால் மடிப்பின் முதுகு போய்விடும். வெளித்தகடும் உள் சட்டமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். திரும்ப ஒட்ட வேண்டும், ஒட்டினால் தகடு சூட்டில் நெளியும், நெளிவை மறைக்கப் பட்டி பூச வேண்டும், அடுத்த மாரியில் பட்டிக்குப் பின்னால் தண்ணீர் இறங்கும். நாலு மில்லிமீற்றர் வெட்டுக்கு நாலு வருடக் கறள்.

அப்பா ஓட்டிய காலம் முழுவதும் அந்தக் கதவு இடிக்கவில்லை. இப்போது இடிக்கிறது என்றால் கதவு வளரவில்லை, தம்பி. அதைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒன்று அசைந்திருக்கிறது. எது என்று தெரியும்வரை கிறைண்டரைப் பெட்டிக்குள் வையுங்கள்.

மானிப்பாய் மச்சான், 04.02.2024

வெட்டுவதில் என்ன பிழை? மைனரை உருவாக்கியவரே அதை நடுவில் வெட்டினாரே.

பழைய இரும்பு, 04.02.2024

வெட்டினார்தான். அலெக் இசிகோனிஸ் மாதிரிக் காரைப் பார்த்து, அகலம் போதவில்லை என்று நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திக் கண்ணால் பார்த்து, நாலு அங்குலம் கூட்டினார். பம்பர்களை அதற்கு முன்பே செய்து குவித்துவிட்டதால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். 1948இல் விற்பனைக்கு வந்த கார்களின் பம்பர் நடுவில் அந்த ஒட்டைப் பார்க்கலாம். ஆனால் அவர் வெட்டியது காரைப் பெரிதாக்க. எங்கள் ரிங்கர் வெட்டக் கேட்பது பிழையை மறைக்க. மச்சானுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருக்கும், வம்புக்குக் கேட்கிறார்.

இனி விசயம். மேலே இடித்துக் கீழே விலகும் கதவுக்குக் காரணம் இரண்டு இருக்கலாம். காய்ச்சல் ஒன்று, நோய் இரண்டு. மாத்திரை மாறினால் ஆள் போய்விடுவார்.

முதலாவது, பிணைச்சல் (கதவைக் காரில் கொளுவும் கீல்) தேய்வு. மேல் பிணைச்சலின் ஆணி தேய்ந்தால் கதவு பின்பக்கம் தொங்கும். தொங்கும்போது கதவின் மேல்பகுதி பின்னால் சாயும், கீழ்ப்பகுதி முன்னால் போகும். பின் விளிம்பின் மேலே இடிக்கும், கீழே விலகும்.

இரண்டாவது, உடல் நடுவில் தாழ்வது. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அடிப்பெட்டிகளும் தரையும், கதவுகளுக்கு முன்னும் பின்னும் கூரையைத் தாங்கும் தூண்களும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அடிப்பெட்டி பலமிழந்தால், சக்கரங்கள் இரு முனையிலும் இருக்க, நடு கீழே இறங்கும். அப்போது முன் தூணின் தலையும் நடுத் தூணின் தலையும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கதவு வாசல் மேலே ஒடுங்கும், கீழே விரியும். பின் விளிம்பில் நீங்கள் பார்ப்பது அதே காட்சி.

வேறுபாட்டைப் பின் விளிம்பில் தேட வேண்டாம், முன் விளிம்பில் தேடுங்கள். பிணைச்சல் தேய்ந்திருந்தால் கதவு தூணிலிருந்து திரும்பியிருக்கும். ஆகவே முன் விளிம்பிலும் நீக்கல் சரிவாக இருக்கும், மேலே அகலம், கீழே நெருக்கம். உடல் தாழ்ந்திருந்தால் முன் தூண் சாயும்போது கதவும் மட்கார்டும் சேர்ந்தே சாயும். முன் விளிம்பு நீக்கல் மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கும், பின் விளிம்பு மட்டும் கோணலாகும்.

கூடவே, கதவைப் பாதி திறந்து பின் நுனியை இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். பிணைச்சலில் கடகட என்று ஆட்டம் தெரிகிறதா? தூண் அசையாமல் கதவு மட்டும் ஏறுகிறதா? தூக்கும்போது ஒருவரைப் பிணைச்சலுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து பார்க்கச் சொல்லுங்கள். தூக்குகிறவருக்கு எல்லாமே ஆடுவது போலத்தான் தெரியும்.

கோண்டாவில் மைனர், 06.02.2024

அண்ணை, முன் விளிம்பு மேலும் கீழும் ஒரே அளவு. தூக்கினால் ஆட்டம் இல்லை. சித்தப்பா குந்தி இருந்து பார்த்தார். பிணைச்சல் பரவாயில்லை என்கிறார்.

பழைய இரும்பு, 06.02.2024

நான் பயந்தது நடந்துவிட்டது. அடிப்பெட்டியை வெட்டி ஒட்டும்போது கார் எதன்மேல் நின்றது? கதவுகள் மாட்டியிருந்தனவா? வாசலுக்குக் குறுக்கே இரும்பு ஏதாவது ஒட்டிப் பிடித்தீர்களா?

கோண்டாவில் மைனர், 06.02.2024

முன்னும் பின்னும் சீமெந்துக் கல் அடுக்கி ஏற்றி வைத்தோம். கதவுகளைப் பாரம் குறையட்டும் என்று கழற்றிவிட்டோம். குறுக்கே ஒன்றும் ஒட்டவில்லை.

பழைய இரும்பு, 07.02.2024

பெயின்ற் அடிக்கும் முன் தெரிந்தது நல்லது. பழைய அடிப்பெட்டியை வெட்டி எடுத்த அந்த நேரத்தில் காரின் நடுவைத் தாங்க எதுவும் இருக்கவில்லை. இரண்டு முனையில் கல், நடுவில் காற்று. நடு கொஞ்சம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலையிலேயே புதுத் தகடு ஒட்டப்பட்டது. இப்போது உங்கள் அடிப்பெட்டி மிகவும் பலமானது, தாழ்வைப் பிடித்து வைத்திருக்கும் பலம்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. காரை நாலு சக்கரத்தில் சமதரையில் இறக்குங்கள். கல்லின்மேல் நிற்கும்போது எந்த அளவையும் நம்ப வேண்டாம். மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. நீளமான முறுக்குத் தண்டுகள் இரண்டு, முன் சக்கரத்திலிருந்து பின்னோக்கி ஓடி, முன் இருக்கைக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் முடிகின்றன. முன் சக்கரம் தாங்கும் பாரத்தின் முறுக்கு அந்தச் சட்டத்துக்கு வருகிறது, சட்டத்தின் இரு நுனியும் அடிப்பெட்டிகளில் போய்ச் சேர்கின்றன. சக்கரம் தொங்கினால் அந்த முறுக்கு இல்லை, கார் வேறு வடிவத்தில் நிற்கும். சக்கரத்தில் நின்றால்தான் அது ஓடுகிற கார்.

பிறகு அடிப்பெட்டிக்குக் கீழே, கதவுகளுக்கு நடுவில், ஒரு மரத்துண்டு வைத்து ஜக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். சக்கரங்கள் தரையை விட்டு எழும்பக் கூடாது, பாரம் கொஞ்சம் குறைந்தால் போதும். மேல் மூலை விலகுகிறதா என்று பாருங்கள். விலகினால் கதவுக்கு ஒரு குற்றமும் இல்லை.

பழைய இரும்பு, 07.02.2024, பிறகு

மேலே மரத்துண்டு என்று எழுதியது போதாது. சிறு துண்டு வைத்தால் ஜக் அடிப்பெட்டியைத் துளைத்துக்கொண்டு மேலே போகும், புதுத் தகடானாலும். நீளமான பனைமரச் சட்டமான பனஞ்சலாகை வைத்து அதன் நடுவில் ஜக் கொடுங்கள். வைரமான சலாகை வளையாது. சலாகை கிடைக்காத வீடு கோண்டாவிலில் உண்டா?

ஹரோவிலிருந்து, 08.02.2024

பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள ஸ்பிரிங் கொளுவியையும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே லண்டனில் நான் பார்த்த மைனர்களில் அடிப்பெட்டி போனால் அதுவும் போயிருக்கும்.

பழைய இரும்பு, 08.02.2024

உண்மை. பின் பட்டை ஸ்பிரிங்கின் முன் நுனி பிடிக்கும் இடம் அது. சக்கரம் வாரியிறைக்கும் சேறு நேரே அங்கேதான் போய் அடைகிறது. ஹரோவில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள் என்று நீங்கள் அழுவீர்கள். எங்களுக்குப் பண்ணைக் கடலும் நாவற்குழி வெளியும் வருடம் முழுவதும் உப்பைக் காற்றிலேயே அனுப்புகின்றன, கட்டணம் இல்லை.

கோண்டாவில் மைனர், 11.02.2024

தூக்கினோம். விலகுகிறது. ஆனால் கொஞ்சம்தான். முழுவதும் சரியாகவில்லை. அப்படியானால் மிச்சத்தைப் பிணைச்சலுக்குப் பின்னால் தகடு வைத்துச் சரிசெய்யலாமா?

பழைய இரும்பு, 11.02.2024

கொஞ்சம்தான் விலகும், ஏனென்றால் ஒட்டு முடிந்துவிட்டது. முழுவதும் விலகினால்தான் நான் பயப்படுவேன், ஒட்டியது ஒட்டவில்லை என்று.

தகடு வைக்கலாம். கீழ்ப் பிணைச்சலுக்கும் தூணுக்கும் நடுவில் மெல்லிய தகடு வைத்தால் கதவின் கீழ்ப்பகுதி பின்னால் போகும், பின் நுனி மேலே ஏறும். மேல் பிணைச்சலுக்குப் பின்னால் ஏற்கெனவே தகடு இருந்தால் அதை எடுத்தாலும் அதே பலன். ஒரு மில்லிமீற்றர் தகடு பிணைச்சலில் ஒரு மில்லிமீற்றர்தான், ஆனால் கதவின் பின் நுனியில் அதைவிடக் கூடுதலாகத் தெரியும். பிணைச்சல்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைவிடக் கதவு நீளம் என்பதால்.

ஆனால் அது ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கதைக்குத்தான். விரல் நுழையும் நீக்கலைத் தகட்டால் அடைத்தால் பிணைச்சல் திருகாணிகள் குறைந்த பிடியில் தொங்கும். கதவின் கோடு மட்கார்டின் கோட்டோடு சேராது. முன் விளிம்பில் இப்போது இருக்கும் ஒரே நல்ல நீக்கலையும் கெடுத்துக்கொள்வீர்கள். வலது பக்கம் சாரதியின் கதவு, ஆயிரம் முறை அடித்துச் சாத்துவீர்கள்.

ஒட்டைத் திறக்க வேண்டும். எனக்குத் தெரியும், இதைக் கேட்க ஆசையாக இருக்காது.

மானிப்பாய் மச்சான், 12.02.2024

பெயின்ற் அடிக்கிறவர் உங்களைத் தேடுவதாகக் கேள்வி.

பழைய இரும்பு, 25.02.2024

தம்பி வேலையைத் திரும்பத் தொடங்கப் போவதாகத் தனியே எழுதியிருந்தார். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வெட்டும் முன் கதவுகள் நான்கையும் மாட்டுங்கள். கதவுதான் அளவுகோல், அதைக் கழற்றி மூலையில் சாத்திவைத்துவிட்டு உடலை ஒட்டக் கூடாது. கார் சக்கரத்தில் நிற்கட்டும். சலாகையும் ஜக்கும் கொடுத்து வாசலின் மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பாருங்கள். நல்ல பக்கம் ஒன்று இருந்தால் அதன் அளவே வழிகாட்டி. உங்களுக்கு இரண்டு பக்கமும் ஒட்டியதால் நல்ல பக்கம் கிடையாது. கதவு வாசலுக்குள் ஒழுங்காக அமரும் நிலைதான் சரியான நிலை.

அந்த நிலை கிடைத்ததும் உள்ளே முன் தூணிலிருந்து நடுத் தூணுக்கும், நடுத் தூணிலிருந்து பின் தூணுக்கும் கோண இரும்பு குறுக்கே ஒட்டிப் பிடியுங்கள். கதவைத் திறந்து சாத்த இடம் விட்டு ஒட்டுங்கள். கதவின் உள்பக்கம் இரும்பில் முட்டினால் அளவுகோலே வேலை செய்யாது. பிறகுதான் கிறைண்டர். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மற்றப் பக்கம். புதுத் தகட்டைச் சிறு சிறு புள்ளியாக ஒட்டுங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆறவிட்டு நடுவில் ஒன்று. ஒரே மூச்சில் கோடாக இழுத்தால் சூடு தகட்டைச் சுருக்கி வாசலையும் சேர்த்து இழுக்கும். நாலைந்து புள்ளிக்கு ஒருமுறை கதவைச் சாத்திப் பாருங்கள்.

மின்சாரம் நின்றால் திட்டிவிட்டுத் தேநீர் குடியுங்கள். ஆறுவதற்கு அது நல்ல நேரம்.

ஹரோவிலிருந்து, 26.02.2024

நீக்கல் எவ்வளவு இருக்க வேண்டும்? மூன்று மில்லிமீற்றர் என்று எங்கோ படித்தேன்.

பழைய இரும்பு, 26.02.2024

நாலரை என்று வையுங்கள். கதவு விளிம்பிலும் எதிர் விளிம்பிலும் அடிப்பூச்சும் பெயின்றும் ஏறியதும் நாலு ஆகிவிடும். வெறும் தகட்டில் மூன்று வைத்துப் பெயின்ற் அடித்தால், முதல் வெயிலில் விளிம்பு விளிம்போடு உரசிப் பெயின்ற் உதிரும்.

அளக்கக் கருவி வாங்க வேண்டாம். வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். காலாவதியான ஆறு அட்டைகளைச் சேர்த்து ஒட்டினால் நாலரைக்கு மிக அருகில் வரும். மேலிருந்து கீழே அதை இழுத்துக்கொண்டு போங்கள். இறுகும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு. ஆறு அட்டை காலாவதியாகும் வரை வங்கியில் கணக்கு வைத்திருந்தவரிடம் கேட்டு வாங்குங்கள், என்னிடம் கேட்க வேண்டாம்.

பழைய இரும்பு, 28.02.2024

நீக்கலைப் பற்றி இன்னும் யோசித்தேன். நாலரை என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு யாரும் தூக்கமில்லாமல் அலையக் கூடாது. இந்தக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே ஒவ்வொரு கதவையும் ஒருவர் கையால் நெம்பி அந்தந்த உடலுக்குப் பொருத்தினார். ஒரு பக்கம் ஐந்தும் மறுபக்கம் நாலும் இருந்தால் அது கார் பிறந்தபோதே வந்தது. இன்றைய யப்பான் கார்களின் நீக்கலை 1958இல் தேடினால் கிடைக்காது. கேட்க வேண்டியது இரண்டுதான்: நீக்கல் மேலிருந்து கீழ் ஒரே அளவில் ஓடுகிறதா, பக்கவாட்டுக் கோடு மட்கார்டிலிருந்து முன் கதவு, பின் கதவு என்று முறியாமல் போகிறதா. கோடு முறிந்தால் கண் உடனே பிடிக்கும். அரை மில்லிமீற்றர் நீக்கலை உங்களைத் தவிர ஒருவரும் பார்க்க மாட்டார்கள். மச்சான் பார்ப்பார், அவரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இதனால்தான் வேறு காரின் கதவை வாங்கி மாட்டினால் தலைவலி. அந்தக் கதவு இன்னொரு உடலுக்காக நெம்பப்பட்டது.

பழைய இரும்பு, 02.03.2024

பிணைச்சல் திருகாணி கழறவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தலை தேய்ந்த பிறகு கேட்பதற்குப் பதிலாக முன்பே கேட்டது நல்லது.

டீசலும் கியர் ஒயிலும் கலந்து இரண்டு நாள் ஊறவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தலைக்கு. பிறகு சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பக்ட் டிறைவர். அதன் நுனியில் வால்வு உரைக்கும் பசையைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள், பிடி வழுக்காது. முதல் அடியை இறுக்கும் பக்கம் கொடுங்கள், கறள் உடையும். அதற்கும் அசையாவிட்டால் பிணைச்சலைச் சூடாக்குங்கள், உள் அட்டையையும் கதவைச் சுற்றியுள்ள ரப்பரையும் முன்பே கழற்றிவிட்டு. தலை போனால் நடுவில் துளையிட்டு எடுக்கலாம், நாள் முழுக்க நடக்கும் வேலை.

ஆணி தேய்ந்த பிணைச்சலைத் தூக்கி வீச வேண்டாம். ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பித்து, லேத் வேலை செய்கிறவரிடம் தடித்த ஆணி கடைந்து போடலாம், அல்லது பித்தளைக் குழல் இறக்கிப் பழைய அளவு ஆணியையே போடலாம். போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து லேத்துகள் செய்யாத சாமான் எது? அந்தக் கைகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன.

அச்சுவேலி ஏ40, 10.03.2024

ஐயா, எனது கார் ஒஸ்டின் ஏ40 சோமர்செற். இதே இடிப்பு. நீங்கள் சொன்னபடி அடிப்பெட்டியைத் திறக்கட்டுமா?

பழைய இரும்பு, 10.03.2024

பொறுங்கள், பொறுங்கள். சோமர்செற்றுக்கு மேலே எழுதியதில் பாதி பொருந்தாது. 1952 முதல் 1954 வரை வந்த அந்தக் காருக்குத் தனிச் சட்டகம் உண்டு. உடல் அதன்மேல் போல்ட்டால் பூட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலே வைத்த அடைகள் நசுங்கினாலோ உக்கினாலோ உடல் அந்த இடத்தில் இறங்கும், கதவு இடிக்கும். போல்ட்டைத் தளர்த்தி, உடலைக் கொஞ்சம் தூக்கி, புது அடை வைத்து இறுக்கினால் பல நேரம் கதவு தானாகவே ஒழுங்குக்கு வரும். வெல்டிங் இல்லை, கிறைண்டர் இல்லை. ஒவ்வொரு போல்ட்டாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு கதவைச் சாத்திப் பாருங்கள். நாலையும் ஒன்றாகத் தளர்த்தினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

அதே ஒஸ்டின் 1954இல் கேம்பிறிட்ஜ் ஆனபோது தனிச் சட்டகம் போய்விட்டது. கேம்பிறிட்ஜ் வைத்திருப்பவர்கள் மைனர் பக்கத்துக்கு வாருங்கள்.

பழைய இரும்பு, 10.03.2024, இரவு

சோமர்செற் என்றதும் மாமாவின் வாடகைக் கார் நினைவுக்கு வருகிறது. கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. தடைக் காலத்தில் சிறு போத்தலில் பெற்றோல் ஊற்றி எழுப்பி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வருகிறவருக்குக் கண் எரியும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கூரையில் மெத்தையும் நெல் மூட்டையும் தையல் இயந்திரமும் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனது. அதற்குப் பிறகு அதன் இடது பின் கதவு ஒருநாளும் பூட்டுப்படவில்லை. கயிறு கட்டித்தான் ஓடியது. ஆட்கள் அந்தப் பக்கம் ஏற மாட்டார்கள்.

கூரையில் பாரம் ஏற்றினால் தூண்கள் விரியும். அப்படிப்பட்ட சரித்திரம் உள்ள காரை எங்கள் ஊரில் வாங்குகிறவர்கள் கூரையை ஒருமுறை தடவிப் பாருங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு கிடுகுக் கொட்டிலுக்குள் கிடந்த கார்களுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது, சரித்திரத்தைச் சொல்லாமலே விற்கிறார்கள்.

கோண்டாவில் மைனர், 16.04.2024

புதுவருடத்துக்கு முன் இரண்டு பக்கமும் ஒட்டி முடிந்தது. கோண இரும்பை எடுத்த பிறகும் கதவுகள் அப்படியே நிற்கின்றன. மேலே இடிக்கவில்லை! ஆனால் இப்போது வலது முன் கதவின் கீழ் மூலை வெளியே தள்ளி நிற்கிறது. மேல் மூலை உள்ளே.

பழைய இரும்பு, 16.04.2024

வாழ்த்துகள். இதற்குப் பயப்பட வேண்டாம், கதவு முறுகி இருக்கிறது. மூலையில் சாத்திவைத்த கதவு முறுகும். வெளியே நிற்பது கீழ் மூலை, ஆகவே மேல் மூலைக்கும் நடுத் தூணுக்கும் இடையில் துணி சுற்றிய மரக்கட்டை ஒன்றை வையுங்கள். கதவைக் கட்டையில் முட்டும் வரை சாத்துங்கள். கீழ் மூலையை முழங்காலால் உள்ளே அமுக்குங்கள். மேல் மூலை கட்டையில் நிற்கும், கீழ் மூலை உள்ளே வரும். கதவு கொஞ்சம் சத்தம் போடும். கட்டையை எடுத்துச் சாத்திப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக ஏறி மிதிக்க வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடிக்கும் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டி வரும்.

இதெல்லாம் ரப்பர் போடாமல், தூணில் கதவின் பூட்டு கொளுவும் பூட்டுப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு. பூட்டுப்பிடி இருந்தால் கதவு அதில் ஏறி அமர்ந்து ஒழுங்காக இருப்பதுபோல் நடிக்கும். பூட்டுப்பிடியின் வேலை கதவைப் பிடிப்பது. தூக்குவது பிணைச்சலின் வேலை.

நாலு கதவுக் காரில் வரிசை: முதலில் பின் கதவு. அது பின் தூணுக்குப் பொருந்த வேண்டும், பின் தூணை அசைக்க முடியாது. பிறகு முன் கதவைப் பின் கதவுக்குப் பொருத்துங்கள். கடைசியாக மட்கார்டை முன் கதவுக்கு. மட்கார்ட் போல்ட்டில் நிற்பதால் அது விட்டுக்கொடுக்கும். முன்னாலிருந்து தொடங்கினால் பிழையெல்லாம் பின்னால் சேர்ந்து, விட்டுக்கொடுக்காத இடத்தில் வந்து நிற்கும்.

கோண்டாவில் மைனர், 12.05.2024

ரப்பர் போட்டதும் கதவு பூட்டுப்படவே இல்லை. தோளால் இடித்தால்தான்.

பழைய இரும்பு, 12.05.2024

எந்த ரப்பர்? நகத்தால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே குழல் இருந்து நசுங்குகிறதா, கட்டியாக நிற்கிறதா? கடையில் கார் ரப்பர் என்று கேட்டால் கையில் கிடைத்ததை வெட்டித் தருவார்கள். கட்டி ரப்பர் கதவை வெளியே தள்ளும், அதற்காகப் பூட்டுப்பிடியை வெளியே நகர்த்துவீர்கள், பக்கக் கோடு முறியும், இத்தனை மாத வேலை வீண். பழைய ரப்பர் துண்டு ஒன்றை வைத்திருந்தால் அதன் குறுக்குவெட்டைப் படம் எடுத்து ஹரோ அண்ணாவுக்கு அனுப்புங்கள். அங்கே மைனருக்கென்றே சாமான் கடைகள் இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு வருகிறவர் பெட்டியில் ரப்பருக்கு இடம் இருக்கும், சொக்கலேற்றைக் குறைத்தால்.

சரியான ரப்பரும் முதலில் கொஞ்சம் இறுகும். சாத்தி வைத்து ஒரு மாதம் விடுங்கள், படிந்துவிடும்.

மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அந்தக் கார்தான் இந்தியாவில் அம்பாசிடர் ஆகி 2014 வரை உருவாகிக்கொண்டிருந்தது. சென்னையில் ரப்பர் கிடைக்கும், சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் வருகிறது.

ஹரோவிலிருந்து, 13.05.2024

சொக்கலேற் குறையாது. ரப்பரும் வரும்.

பழைய இரும்பு, 09.06.2024

பெயின்றுக்கு முன் ஒரு வேலை. கதவைக் கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு பிணைச்சல் இதழிலும் தூணையும் சேர்த்து மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். கதவுப் பக்க இதழுக்கும் அப்படியே. பெயின்ற் அடித்துத் திரும்ப மாட்டும்போது துளைகளில் அதே துளையூசியைச் செருகினால் பழைய இடத்தில் போய் நிற்கும், பிறகு திருகாணியை இறுக்கலாம். தகடுகளை எந்தப் பிணைச்சலுக்கு எத்தனை என்று எழுதிப் பையில் கட்டுங்கள். புதுப் பெயின்றுக்கு மேலே கதவை அங்கே இங்கே நகர்த்தித் தேடுவது பாவம்.

சோளகக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. வெளியில் அடித்தால் செம்மண் கலந்த பெயின்ற்தான் கிடைக்கும். கொட்டிலைச் சுற்றிப் பொலித்தீன் கட்டி, தரைக்குத் தண்ணீர் தெளித்து, விடியப்புறம் காற்று எழும்பும் முன் அடிக்கச் சொல்லுங்கள். கதவின் அடி விளிம்பிலுள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளில் பட்டியோ பெயின்றோ அடைத்தால் ஊசியால் திறந்துவிடுங்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கதவுகள் அடியிலிருந்து உக்குவதற்குக் காரணமே அதுதான்.

கோண்டாவில் மைனர், 18.08.2024

கார் ஓடுகிறது. நல்லூருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீதியை மூடியிருந்ததால் தூரத்தில் நிறுத்தி நடந்தோம். இரண்டு விரலால் தள்ளினால் கதவு பூட்டுப்படுகிறது. ஆனால் கிடங்கில் விழும்போது வலது முன் கதவு கடகடக்கிறது. பிறகு பின் கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது.

பழைய இரும்பு, 18.08.2024

கடகடப்புக்குப் பூட்டுப்பிடியை உள்ளே அரை மில்லிமீற்றர் நகர்த்துங்கள். நகர்த்தும் முன் சுற்றிவரப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாத்தியதும் கதவின் பின் நுனி மேலே எழும்பினால் பூட்டுப்பிடி உயரத்தில் பிழை, கீழே இறக்குங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கதவு அதிகம் திறக்காமல் தடுக்கும் பட்டையின் ஆணியைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் அதுவும் இந்தச் சத்தம் போடும்.

கண்ணாடிக்குக் கதவைக் கழற்ற வேண்டாம். உள் அட்டையை எடுத்து, கண்ணாடி ஓடும் தவாளிப்பில் பழைய கம்பளிப் பட்டை சுருண்டு கிடக்கிறதா பாருங்கள். ஒயில் விட வேண்டாம், மண் ஒட்டும். மெழுகுதிரியால் தேய்த்துவிடுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் படம் எடுத்துப் போடுங்கள், இந்த முறை கிறைண்டரை எடுக்கும் முன்பே.